‘சேமி’ என்ற பொத்தான்: மனித-கணினி ஊடாட்டப் பாடத்தில் நான் கற்றது

பொறியியல் மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடங்களின் பட்டியல் வந்தபோது, எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் மனித-கணினி ஊடாட்டத்தை, அதாவது மக்கள் எளிதாகப் பயன்படுத்தும்படி கணினித் திரைகளையும் செயலிகளையும் வடிவமைப்பது பற்றிய பாடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் கணக்கு குறைவு, நிரல் எழுதும் வேலையும் குறைவு என்று மூத்த மாணவர்கள் சொல்லியிருந்ததே அதற்குக் காரணம். நானும் அதை நம்பித்தான் சேர்ந்தேன். ஆனால் இதுவரை படித்த பாடங்களில் நான் அதிகம் உழைத்தது இதற்குத்தான். அடுத்து இதை எடுக்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கள் செயல்திட்டம் நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் வகுப்பறையிலேயே கழிந்தன. 1963இல் ஐவன் சதர்லேண்ட் ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாக வரையும்படி உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரல், 1968இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறி மவுசை இயக்கிக் காட்டியது, 1981இல் படக்குறிகளும் சாளரங்களும் கொண்ட திரையோடு வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி என்று வரலாறு வேகமாக ஓடியது. கோட்பாடுகளைப் பயன்படுத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்கியது. முகப்புப் பட்டியலில் ஏழு தேர்வுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று எங்கள் முதல் வரைவில் எழுதி, அதற்கு உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆதாரம் காட்டியிருந்தோம். பேராசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். மில்லர் பேசியது, காதால் கேட்டதை உடனே நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும் அளவைப் பற்றி. கண்ணெதிரே எழுதியிருக்கும் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று அவர் விளக்கினார். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அது எதை அளந்தது என்பதை விட்டுவிடும் பழக்கம் எனக்கு இருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

செயல்திட்டத்துக்கு நால்வர் கொண்ட குழு. ஈரோடு மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் என் அம்மா ஒரு மகளிர் சுயஉதவிக்குழுவின் கணக்கு நோட்டைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். அந்தக் கணக்கைக் கைப்பேசியில் பதிய ஒரு செயலியை வடிவமைப்பது என்று முடிவு செய்தோம். அம்மா செய்வதைச் சிறுவயது முதல் பார்த்தவள் என்ற துணிச்சலில் முதல் வரைவை விடுதி அறையிலேயே போட்டுவிட்டேன். உறுப்பினர் பெயரைத் தொட்டால் ஒரு படிவம் திறக்கும். அதில் தேதி, தொகை, கடன் தவணை ஆகியவற்றை நிரப்பி, திரும்பிவந்து அடுத்த பெயரைத் தொட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போய், எதுவும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து கவனித்தபோது அந்த வரைவு ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்துவிட்டது. பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பணம் கொடுத்தார்கள். ஒருவர் மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். இன்னொருவர் இரண்டு மாதத் தொகையைச் சேர்த்துக் கொடுத்தார். அம்மா ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பென்சிலால் ஒரு சிறு கோடு மட்டும் போட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு, பெட்டியில் இருந்த நோட்டுகளை இரண்டு முறை எண்ணி, கோடுகளின் கூட்டலும் பணமும் ஒத்துப்போனதும்தான் பேனாவை எடுத்தார். பேனாவால் எழுதியதை அடிப்பது அவருக்குப் பிடிக்காது; தணிக்கைக்கு வருகிறவர் கேள்வி கேட்பார். இத்தனை ஆண்டுகள் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், பென்சிலுக்கும் பேனாவுக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியை நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

வடிவமைப்பு அதிலிருந்துதான் பிறந்தது. பதினான்கு பெயர்களும் ஒரே திரையில் வரிசையாக இருக்கும். வழக்கமான 200 ரூபாய் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பணம் கொடுத்தவரின் பெயருக்கு நேரே தொட்டால் வெளிறிய நிறத்தில் ஒரு குறி விழும். அடியில் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் எல்லாம் உறுதியாகும். நல்ல திரை வடிவமைப்புக்கு யாக்கப் நீல்சன் என்ற வல்லுநர் வகுத்த பத்து நெறிகளில் பிழை வராமல் தடுப்பது, செய்ததைத் திரும்பப்பெற வழிவிடுவது ஆகியவற்றைத் தேர்வுக்காகப் படித்து வைத்திருந்தேன். அவற்றை அம்மாவின் பென்சில் கோட்டில் பார்த்த பிறகு மறக்கவே முடியவில்லை.

அடுத்தது காகித முன்மாதிரி. ஏ4 தாளைக் கைப்பேசி அளவுக்கு வெட்டி, திரைகளைக் கையால் வரைந்தோம். தொடும் இடங்கள் ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்ற ஆண்ட்ராய்டு பரிந்துரையை அளவுகோல் வைத்துப் பின்பற்றினோம். ஐந்து பேரிடம் சோதித்தோம். ஒரு தோழி கணினியாக இருந்து, விரல் பட்ட இடத்துக்கு ஏற்பத் தாளை மாற்றுவாள். சோதனை நடத்துபவர் உதவி செய்யக்கூடாது, விளக்கக்கூடாது என்பது விதி. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த விதியைப்போலக் கடினமானது இந்தப் பாடத்தில் வேறொன்றும் இல்லை.

மூன்றாவதாக வந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அத்தை. தாளை மடியில் கணக்கு நோட்டின் மேல் வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால்தான் தொட்டார். கட்டைவிரலால் தொடுவார்கள் என்று நாங்கள் போட்ட கணக்கு அங்கேயே போயிற்று. பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு முடித்த பிறகு, அவருடைய விரல் வலது மேல்மூலையில் இருந்த ‘சேமி’ என்ற பொத்தானுக்கு மேலே வந்து, தாளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அரை நிமிடம் இருக்கும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏங்கண்ணு, இது மறுபடியும் இருநூறு கட்டச் சொல்லுதா? அதான் எல்லாரும் கட்டிட்டாங்களே.”

கணினியில் கோப்பைச் சேமிப்பதற்கும் குழுவில் பணம் சேமிப்பதற்கும் தமிழில் ஒரே சொல். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு அந்தச் சொல் ஒரு பொத்தானின் பெயராக மட்டுமே பழகியிருந்தது. ஐந்து பேரில் மூவர் அதே இடத்தில் தயங்கினார்கள். தயங்காமல் அழுத்திய இன்னொருவரும், அழுத்தியதும் “ஏறிடுச்சா?” என்று கேட்டார். வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் சொல்லும் இரண்டு இடைவெளிகளும், அதாவது நினைத்ததை எப்படிச் செய்வது என்று தெரியாத இடைவெளியும், செய்தது நடந்ததா என்று புரியாத இடைவெளியும், ஒரே பொத்தானில் எங்களுக்குக் கிடைத்தன.

சோதனையின் முடிவில் பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை நூற்றுக்கு மதிப்பிட ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பயன்பாட்டு அளவுகோலின் பத்துக் கூற்றுகளையும் தமிழாக்கிக் கேட்டோம். அதில் ஒற்றைப்படைக் கூற்றுகள் பாராட்டாகவும் இரட்டைப்படைக் கூற்றுகள் குறையாகவும் அமைந்திருக்கும். இருவர் பத்துக்கும் “ஆமாங்கண்ணு, ரொம்ப நல்லா இருக்குது” என்றே சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் முழு உடன்பாடு என்று குறித்தால் மதிப்பெண் சரியாக 50 வரும். அவர்கள் இருவருக்கும் அதுதான் வந்தது. படிக்க வந்த பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்ற அன்பைத்தான் அந்த 50 காட்டியது, செயலியின் தரத்தை அன்று. அறிக்கையில் ஐவரின் சராசரி மதிப்பெண்ணைப் போடாமல், போடாததற்கான காரணத்தை எழுதினோம். பேராசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். எண் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை எழுதிவிடாதீர்கள் என்று இனி எடுப்பவர்களுக்கும் சொல்வேன்.

மாற்றுச் சொல்லுக்காக அகராதியைப் புரட்டினோம். ‘உறுதிசெய்’, ‘பதிவிடு’, ‘சமர்ப்பி’ என்று எதை எடுத்தாலும் அலுவலக வாடை அடித்தது. முதல் கூட்டத்தில் எடுத்த குறிப்புகளைத் திரும்பப் படித்தபோதுதான், பணத்தை எண்ணி முடித்த அம்மாவிடம் ஒருவர் “வரவு வெச்சாச்சுங்களா?” என்று கேட்டதை நானே எழுதி வைத்திருப்பதைக் கண்டேன். பொத்தானின் பெயர் ‘வரவு வை’ என்று ஆனது. மூலையிலிருந்து அதை இறக்கி, கூட்டுத்தொகைக்கு நேர் கீழே திரையின் அகலம் முழுவதும் வரும்படி வைத்தோம். இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் விரல் சென்றடைய நேரமாகும் என்ற ஃபிட்ஸ் விதி, 1954இல் எழுதப்பட்டது, எங்களுக்கு இங்கேதான் உதவியது. அழுத்திய பிறகு வருவதற்கு ஒரு தனித் தாளும் வரைந்தோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அதே அத்தையிடம் புதிய தாளைக் கொடுத்தோம். பெயர்களைத் தொட்டு முடித்து, ‘வரவு வை’ என்ற இடத்தில் விரலை வைத்தார். தோழி தாளை மாற்றினாள். ‘14 பேர், ரூ. 2,800 வரவு வைக்கப்பட்டது’ என்பதை அத்தை வாய்விட்டுப் படித்தார். என் பக்கம் திரும்பவில்லை. பணப்பெட்டியை இழுத்து நோட்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.