அடிபட்ட பன்றியைத் தேடிப் போவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் மறுநடவு செய்த தீம்பாருக்குள், அதாவது மரம் நட்டிருக்கும் பகுதிக்குள், காட்டுப்பன்றி இறங்கினால், ஒரே இரவில் கன்றுகளைத் தோண்டிச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதனால் உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை நிர்வாகம் வரவழைக்கும். அந்தி நேரத்தில் சுடுவது அவர்கள் பாடு. சுட்ட பன்றி விழாமல் ஓடிவிட்டால், மறுநாள் தேடுவது என்னைப் போன்ற மண்டோர்களின், அதாவது தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கிறவர்களின் பாடு.

எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் இது நடக்கும். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள் போகப்போக ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சிதறும். தூரம் கூடினால் ஒன்றிரண்டுதான் உடம்பில் படும், அதுவும் வயிற்றில். பன்றியின் கொழுப்பு துளையை மூடிக்கொள்வதால் ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும். வெளியே அங்கொரு சொட்டு, இங்கொரு சொட்டுதான். மழை பெய்தால் அதுவும் போச்சு.

ரத்தத்தைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பழைய மண்டோர் ஒருவர். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், பன்றி பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்து நாறினால் குடல். குடலில் பட்டதை உடனே துரத்தக்கூடாது. விட்டுவிட்டால் கிட்டத்திலேயே படுத்துக்கொள்ளும், துரத்தினால் பெலுக்காருக்குள் (புதர்க்காட்டுக்குள்) புகுந்துவிடும், அப்புறம் கிடைக்காது. அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். நுரையீரலில் அம்பு பட்டால் அரை மணி நேரம், குடலில் பட்டால் எட்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருப்பார்கள். பல மாநிலங்களில் கயிற்றில் கட்டிய நாயை வைத்துத் தேடவும் அனுமதி உண்டு. நம் தீபகற்ப மலேசியாவில் மான் வேட்டைக்கு 2009இல் தடை வந்துவிட்டது. ஆனாலும் அடிபட்டது மானோ பன்றியோ, அந்தக் காத்திருப்பு ஒன்றுதான். ஓர் உயிர் வலியோடு கிடக்கிறது என்று தெரிந்தே வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுப் படுக்க வேண்டும். எனக்கு அது இன்றுவரை பழகவில்லை. பழகவும் வேண்டாம்.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில்தான் எனக்கும் மேலே உள்ளவர்களுக்கும் மனத்தாங்கல் வரும். அடிபட்ட பன்றி இருக்கும் பிளாக்கில் (தோட்டப் பிரிவில்) ஆள் இறக்கக்கூடாது. உதிரிப் பழம் பொறுக்கும் அக்காமார் குனிந்தபடி, வெட்டிப் போட்ட மட்டை அடுக்கை ஒட்டியே போவார்கள். பன்றி படுத்திருப்பதும் அந்த அடுக்கின் ஓரத்தில்தான். ஆண் பன்றியின் கொம்புப்பல் சரியாகத் தொடை உயரத்துக்கு வரும். ஒரு தோட்டத்தில், "பழம் கெட்டுப்போகுது, ஆளை இறக்குங்க" என்று நெருக்கினார்கள். நான் இறக்கவில்லை. அரை நாள் பழம் போனால் போகட்டும்.

கடைசிச் சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் கட்டி வைத்துவிட்டு, அங்கிருந்து வட்டம் வட்டமாகத் தேடுவோம். முதலில் பாரிட் (வாய்க்கால்) ஓரம், ஏனென்றால் அடிபட்டது தண்ணீரைத் தேடிப் போகும். அப்புறம் மட்டை அடுக்குகள். கிடைக்காவிட்டால் அடுத்த இரண்டு மூன்று நாள் ஈ மொய்க்கிறதா, உடும்பு கூடுகிறதா, காற்றில் வாடை வருகிறதா என்று பார்ப்போம்.

அப்படியும் கிடைக்காமல் போன பன்றி உண்டு. புதிதாகச் சுட வந்த பையன் ஒருவன், "அண்ணே, செத்திருக்குமா, பிழைச்சிருக்குமா?" என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. சதையில் மட்டும் பட்டிருந்தால் ஆறிப் பிழைக்கும், குடலில் பட்டிருந்தால் பிழைக்காது, நாம் பார்த்தது பச்சை ரத்தம் தம்பி என்றேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் தோட்டத்து முனியாண்டிக்குச் சூடம் ஏற்றிவிட்டு, மறுநாளும் தானே வந்து தேடினான். அடுத்த முறை இன்னும் கிட்டே வரும்வரை காத்திருந்து, பக்கவாட்டில் நின்ற பன்றியைத்தான் சுட்டான்.

இப்போது துப்பாக்கிக்காரர் யார் வந்தாலும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: விழாமல் ஓடினால் காலையில் தேட வருவீர்களா? நேரமில்லை என்கிறவரை வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிடுகிறேன்.