‘இன்று நெத்திலி இல்லை’

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், பாம்பனிலிருந்து கீழக்கரை வரைக்கும் உள்ள சில சின்ன வியாபாரங்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பக்கங்களை நடத்திக்கொடுப்பது என் வேலை. ஒரு அக்காவின் கருவாட்டுக் கடை, வீட்டிலேயே தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கும் ஒரு லாத்தா (இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), பாம்பன் பக்கம் நாலைந்து அறைகள் வைத்திருக்கும் ஒரு அண்ணன், அப்புறம் அவ்வப்போது வந்துபோகிறவர்கள். ஊரில் என்ன வேலை என்று கேட்டுப் பதில் சொன்னால், "ஓ, போன்ல டைப் அடிக்கிறதா" என்பார்கள். ஆமாம், அதுதான்.

இந்தக் கரையில் உட்கார்ந்து பதிவு எழுதுகிறவனுக்கு முதல் தொல்லை, படம் சும்மா கிடைப்பது. பாம்பன் ரயில் பாலம், தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனை, சாலைக்கு இருபுறமும் வேறு வேறு நிறத்தில் கடல் என்று போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் நன்றாகவே விழும். 2025 ஏப்ரலில், நடுப்பகுதி செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும் புதுப் பாலம் திறந்தபிறகு கேட்கவே வேண்டாம், எல்லாருடைய பக்கத்திலும் அதே பாலம், அதற்குக் கீழே ‘சொர்க்கம்’, இரண்டு இதயம். நானும் போடுவேன், லைக் கொட்டும். ஆனால் அந்த லைக்கில் ஒன்றுகூடக் கருவாடு கேட்டு வராது, ஏனென்றால் அந்தப் படத்தை ரசிப்பதற்கு மண்டபத்தைப் பற்றியோ மீனைப் பற்றியோ எதுவுமே தெரிந்திருக்க வேண்டாம், அப்படி வந்தவர் அடுத்த நாள் நாம் வாளைக் கருவாட்டைப் பற்றி எழுதினால் நிற்காமல் தள்ளிவிட்டுப் போவார்.

கருவாட்டுக் கடைப் பக்கம் நகர ஆரம்பித்தது வேறொரு பதிவில். காலையில் இன்றைக்கு என்ன போடலாம் என்று அக்காவுக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் இல்லப்பா. நாலு நாளா காத்து, வள்ளமே போகல. நெத்திலி கெடையாது, சூடைதான் காயுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதையே எழுதினேன்: ‘இன்று நெத்திலி இல்லை. நாலு நாளாகக் காற்று, வள்ளம் போகவில்லை. சூடை மட்டும் காய்கிறது.’ படம்கூடப் பெரிதாக இல்லை, காலியாகக் கிடந்த காயவைக்கும் வலை, அவ்வளவுதான். அதைப் பகிர்ந்தார்கள், கீழே கேள்வி கேட்டார்கள். எந்தக் காற்று? நெத்திலி எப்போது வரும்? சூடையில் முள் அதிகமாமே? ஒவ்வொரு கேள்வியும் எனக்கு அடுத்த நாள் பதிவு. சரக்கு இல்லை என்று ஒளிக்காமல் சொல்லும் கடை, இருக்கிறது என்று சொல்லும் நாளில் நம்பப்படுகிறது என்பது இன்னொரு பக்கம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அக்கா பேசிய அளவு. இத்தனை சின்னதாக அவர் சொல்லி முடித்ததற்குக் காரணம், மீதி எனக்குத் தெரியும் என்று அவர் நம்பியதுதான்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அதைப் போலத்தான் சின்னப் பதிவும். ‘பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு’ என்று ஒரு வரி காதில் விழுந்தால் போதும், படகை எங்கே இழுத்துக் கட்டுவது, கடலுக்குப் போனவர்களில் யாருக்குப் போன் போடுவது என்பதுவரைக்கும் கரையில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதே வரியைக் கோயம்புத்தூரில் ஒருவர் படித்தால், என்ன கூண்டு, எதற்கு மூன்று என்று கேட்பார். வரியின் நீளம் மாறவில்லை, படிப்பவர் கையில் வைத்திருப்பது மாறிவிட்டது. சுருக்கமாக எழுதுவது எப்படி என்று சொல்லித்தருகிற பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொல்லை வெட்டு, வரியை உடை, முதல் வரியில் தூண்டில் போடு என்பார்கள். எல்லாம் சரி, ஆனால் யாருக்கு என்ன ஏற்கெனவே தெரியும் என்று பார்க்காமல் வெட்டினால் மிச்சம் இருப்பது புதிர்தான்.

அதனால் ஒரே விஷயத்தை நான் இரண்டு தடவை எழுதுவது வழக்கம். தொதலையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரைக்காரர்களுக்கு, அதுவும் துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறவர்களுக்கு, ‘லாத்தா அடுப்பை அணைத்துவிட்டார், எண்ணெய் பிரிந்துவிட்டது’ என்ற ஒரு வரியும் சட்டியின் படமும் போதும், அவர்கள் மூக்கிலேயே வாசனை வந்துவிடும், யார் ஊருக்குப் போகிறார்கள், யார் கையில் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு கமென்ட்டிலேயே நடக்கும். சென்னை வாடிக்கையாளருக்கு அந்த வரி ஒன்றும் சொல்லாது. அவருக்குத் தேங்காய்ப்பால், கருப்பட்டி, எத்தனை நேரம் கை ஓயாமல் கிண்டுகிறார்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், கூரியர் என்றைக்குப் போகும் எல்லாம் வேண்டும். இரண்டையும் ஒரே பதிவில் அடக்கப் பார்த்தால் ஊர்க்காரருக்குச் சலிப்பு, சென்னைக்காரருக்கு அரைகுறை. தனித்தனியாகவே போட்டுவிடுவேன், வேறு வேறு நேரத்தில்.

நேரம் என்றதும் ஒரு சின்ன விஷயம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம். முன்பெல்லாம் வளைகுடா என்றாலே வெள்ளிக்கிழமை விடுமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றி வெள்ளியை அரை நாள் வேலை ஆக்கிவிட்டது, சவூதியில் வெள்ளியும் சனியும் அப்படியே இருக்கிறது. எந்த நேரத்தில் போட்டால் ரீச் வரும் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நான் லாத்தாவின் மகனைத்தான் கேட்பேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எப்போது போனை எடுப்பீர்கள், தம்பி? அந்த நேரம்தான் நேரம்.

எழுத்து எண்ணிக்கை பற்றியும் தமிழில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. எக்ஸ் தளத்தில் 280 இடம் என்பார்கள், 2017 வரைக்கும் அது 140ஆக இருந்தது. தமிழில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனியாகக் கணக்காகும், ‘கொண்டல்’ என்ற நான்கு எழுத்து அங்கே ஏழு. இன்ஸ்டாகிராமில் 2,200 வரைக்கும் இடம் உண்டு என்று சந்தோஷப்பட வேண்டாம், முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மிச்சத்தைப் படிக்க ஒரு தட்டு தட்ட வேண்டும், அந்தத் தட்டைப் பலர் தட்டுவதில்லை. ஆகவே முதல் வரியில் ‘வணக்கம் நண்பர்களே’ வேண்டாம். மீனின் பெயரை வையுங்கள்.

காற்று பற்றிக் கேட்டார்கள் என்றேனே, அந்தப் பதிவு இப்படிப் போனது (வாடை என்பது வடகிழக்குக் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று): ‘இந்தக் கரைக்கு இரண்டு கடல். வாடை வீசினால் வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் வந்தால் தலைகீழ். எங்கள் மீன் எந்தக் கடலில் இருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.’ பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு வடகடல், தென்கடல் என்ற பெயர் புதிது, கரைக்காரர்களுக்கோ நம்ம பேச்சை எவனோ எழுதியிருக்கிறானே என்ற சந்தோஷம். அபூர்வமாக இரண்டு கூட்டமும் ஒரே பதிவில் நின்றது. எப்போதும் இப்படி அமையாது. ‘வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு’ என்று இங்கே கடலைப் பங்கு போட்டிருக்கும் முறையை விளக்கி எழுதினேன், எனக்கு மிகவும் பிடித்த பதிவு அது, யாரும் சீண்டவில்லை.

கேள்வி கேட்டு முடித்தால் கமென்ட் வரும் என்பது உண்மைதான், ஆனால் ‘பிடித்தால் ஆமாம் என்று போடுங்கள்’ என்ற ரகத்தைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, இன்னமும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் தெரிந்துகொள்ள நமக்கே ஆசை உள்ள கேள்வியாக இருந்தால் தனிக் கதை. வாளைக் கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காயா மாங்காயா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க நான் பஞ்சாயத்து பண்ணவேண்டியதாயிற்று. சம்பந்தி வீட்டையெல்லாம் இழுத்தார்கள்.

சரி, போடக்கூடாததற்கு வருகிறேன், இதில்தான் எனக்கும் அறை வைத்திருக்கும் அண்ணனுக்கும் ஓயாத தகராறு. "தனுஷ்கோடிய பேய் ஊருன்னு போடு தம்பி, வியூஸ் அள்ளும்" என்பார். அள்ளும்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ரயிலோடு போனவர்களின் வீட்டார் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள், அந்த மணலில் இன்றைக்கும் குடிசை போட்டு மீன்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போனிலும் அந்தப் பதிவு வரும். அதற்குப் பதிலாக அவருக்கு எழுதிக்கொடுத்தது, அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துப் போங்கள், காற்று நாளில் தொப்பி நிற்காது, சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்புங்கள் என்று நாலு வரி. லைக் குறைவு, ஆனால் நிறையப் பேர் சேமித்து வைத்துக்கொண்டார்கள், அறை கேட்டு வந்தவர்களில் சிலர் அதைக் காட்டியே பேசினார்கள். அண்ணனுக்கு இன்னும் திருப்தி இல்லை. விருந்தினர்கள் கையில் பவளத்தையோ கடல் அட்டையையோ பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை அனுப்பினாலும் நான் போடுவதில்லை. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, இதை நம்பிப் பக்கம் வளர்த்தால் ஒருநாள் வனத்துறைக்காரர்தான் முதல் ஃபாலோயராக வந்து நிற்பார்.

அப்புறம், மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன செய்தி வரும் நாட்கள். அன்றைக்குக் கருவாடு, தொதல், சூரிய உதயம் எதுவும் கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கரையில் இருக்கிறவனுக்குச் சொல்லவும் வேண்டாம். தானாகப் போகும்படி முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகள்தான் ஆபத்து, ஊரே ஆஸ்பத்திரியும் கலெக்டர் ஆபீஸுமாக அலையும்போது நம் பக்கத்திலிருந்து ‘ஞாயிறு ஸ்பெஷல்’ என்று ஒன்று போய் விழும். இதற்காகவே அந்த வசதியை நான் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். வெளியூரிலிருந்து பத்துப் பக்கங்களை ஒரே ஆள் நடத்தும்போது இது அடிக்கடி நடக்கிறது, பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் சம்பளம் பேசும்போது, பதிவுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். மாதத்துக்குப் பேசுங்கள். போடாத நாளுக்கும் நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கருவாட்டுக் கடைக்கு எழுத நாட்டுப்படகு மீன்தான். போன நோன்பு மாதத்தில் தொதல் ஆர்டர் ஏறிக்கொண்டே போய், "ஒரு வாரத்துக்கு ஒண்ணும் போடாதீங்க தம்பி, கிண்டுறதுக்குக் கை இல்லை" என்று லாத்தா சொல்லிவிட்டார். பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் துபாயிலிருந்து அவர் மகன், பக்கம் ஏன் அனாதையாகக் கிடக்கிறது என்று சத்தம் போட்டார். உம்மாவைக் கேளுங்கள் என்று போனை லாத்தாவிடம் கொடுத்தேன். மாதம் முடிந்ததும் அந்த ஒரு வாரத்துக்குக் கழிக்கலாமா என்று மகன்தான் கேட்டார், லாத்தா அதட்டியதில் முழுசாக வந்தது.