தனுஷ்கோடி: ரெண்டு இடிஞ்ச சுவரும் ஒரு வழிகாட்டியும்

ராமேஸ்வரம் ரயில் நிலைய வாசலில் ஒரு வண்டிக்காரர் எங்களிடம் முதலில் கேட்ட தொகை 2,800 ரூபாய். "சுத்திப் பாக்க பன்னெண்டு பாயிண்ட்டும்மா. தனுஷ்கோடியும் அதுக்குள்ளயே வந்துரும்." தனுஷ்கோடியில் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "அரை மணி. அங்க என்ன இருக்கு, ரெண்டு இடிஞ்ச சுவரு."

திருச்சியிலிருந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்ததே அந்த இடிஞ்ச சுவருக்காகத்தான். அதைக் காட்டிப் பிழைக்கிறவரே இப்படிச் சொன்னால் எரிச்சல் வராதா? நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "வேணாம்ப்பா, நாங்க பஸ்ல போய்க்கிறோம்" என்று பையைத் தூக்கிவிட்டார். உடனே 2,800 என்பது 2,000 ஆனது. நாங்கள் ரோட்டைத் தாண்டுவதற்குள் 1,500. அப்படியானால் முதலில் சொன்னது என்ன கணக்கு? விடிகாலையில் ரயிலை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்களிடம், அதுவும் வயசானவர்களைக் கூட்டி வருகிறவர்களிடம், வாய்க்கு வந்ததைக் கேட்பது அநியாயம். இதை எழுதியே தீர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதச் சொல்லி ஆபீஸ் தோழிகள் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் கிறிஸ்தவக் கோயிலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் வேறு எதற்கும் போக முடியாது.

தாத்தா ரயில்வேயில் இருந்தவர். பொன்மலைக் குடியிருப்பு. டியூட்டியில் தனுஷ்கோடி வரை போனதையும், ஞாயிற்றுக்கிழமை அங்கேயே பூசை பார்த்துவிட்டுத் திரும்பியதையும் சொல்லிச் சொல்லியே அத்தையை வளர்த்திருக்கிறார். அந்தக் கோயிலில் நின்று ஒரு ஜெபமாவது சொல்ல வேண்டும் என்பது அத்தையின் பல வருஷத்து ஆசை. முழங்கால் வலி முற்றுவதற்குள் போய்விடலாம் என்று கிளம்பினோம்.

பாம்பன் பாலத்தை ரயில் தாண்டும்போதே விடிந்துவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். நடுவில் கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே தூக்கும் பகுதி. பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம் துருப்பிடித்து நின்றது. அத்தை புதுசைப் பார்க்கவே இல்லை. பழசையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

லாட்ஜில் குளித்துவிட்டு, வரவேற்பில் இருந்த அக்காவிடம் தனுஷ்கோடியை நிதானமாகக் காட்ட யாராவது உண்டா என்று கேட்டேன். அவர் ஒரு நம்பர் கொடுத்தார். புயலில் அழிந்த பழைய ஊரிலேயே குடிசை போட்டுத் தொழில் பார்க்கும் மீனவர் ஒருவருடையது. கடலுக்குப் போகாத நாளில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவாராம். போனில் பேசினேன். "600 குடுங்க. மணிக்கணக்கெல்லாம் இல்ல. ஒங்களுக்குப் போதும்னு தோணுற வரைக்கும் நிப்பேன்." இதற்கு மேல் என்ன வேண்டும்?

அரசுப் பேருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை வரை போகிறது. அதில்தான் போனோம். பஸ்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஜன்னல் பாதியில் மாட்டிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆடிக்காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. ஒரு புண்ணியவதி அத்தைக்கு எழுந்து இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். ஆனாலும் இந்த ரோடு 2017இல் திறப்பதற்கு முன்னால் ஜீப்பிலும் வேனிலும் மணலுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் ஆடி ஆடித்தான் போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இது தேவலை. கோதண்டராமர் கோயிலைத் தாண்டிய பிறகு நிலம் ஒல்லியாகிக்கொண்டே போகிறது. ஒரு பக்கம் பெண்கடல், சலனமே இல்லை. இன்னொரு பக்கம் ஆண்கடல், இரைச்சல் தாங்கவில்லை. நடுவில் ரோடு.

பழைய ஊரில் இறங்கியதும் அந்த மீனவர் அண்ணன் வந்து அத்தையின் பையை வாங்கிக்கொண்டார். முப்பத்தைந்து வயசிருக்கும். "மொதல்ல கோயிலுக்குப் போயிருவோம்மா. வெயில் ஏறுனா சுவரு சுட்டுரும்."

கோயில் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. கூரை கிடையாது. பக்கச் சுவர்கள், ஜன்னல் இருந்த வாய்கள், பீடத்துப் பக்கம் ஒரு வளைவு. அவ்வளவுதான். உள்ளே தரை முழுக்க மணல். போட்டோவில் பார்த்தபோது சாதாரணக் கருங்கல் கட்டடம் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணன், "கை வெச்சுப் பாருங்க" என்றார்.

கிட்டே போய்ப் பார்த்தால் அது கல்லே இல்லை, பவளப்பாறை. ஒவ்வொரு துண்டின் முகத்திலும் மிளகு அளவுக் கண்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் நட்சத்திரம் போல நடுவை நோக்கிப் போகும் மெல்லிய கோடுகள். கடலுக்குள் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சின்ன உயிர் குடியிருந்ததாம். ஒரு துண்டில் மூளை மாதிரி வளைந்து வளைந்து ஓடும் வரிகள். துண்டுகளுக்கு நடுவே பூசிய சுண்ணாம்பில் சிப்பித் தூள் இன்னும் மினுங்குகிறது. நான் ஒரு சுவர் முன்னாலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

"இந்த மணல் திட்டுல மலை ஏது, செங்கலுக்கு மண்ணு ஏது? கையில கெடச்சது கடல் கல்லுதான்" என்றார் அண்ணன். வெட்ட எளிது, எடையும் குறைவு. சுண்ணாம்பும் அதையே சுட்டு எடுத்ததுதான். இன்று அந்தக் கல்லில் ஒன்றைக்கூடக் கடலிலிருந்து எடுக்க முடியாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். பவளப்பாறையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அந்தச் சட்டம் சரிதான். ஆனால் இந்தச் சுவரிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்தால் அதற்குப் பதில் வைக்க அதே கல் வராது என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

உதிரவும் செய்கிறது. அண்ணன் விரலை ஒரு கல்லின் ஓரத்தில் லேசாக இழுத்துக் காட்டினார். விரலில் வெள்ளைத் தூள். உப்புக் காற்று இந்தக் கண்களுக்குள் ஈரமாகப் புகுந்து, காய்ந்து, உப்பு உள்ளேயே படிகமாகப் பெருத்துக் கல்லைப் பிளக்கிறது. அது இயற்கை, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சாவியால் கீறிக் காதலி பெயரை எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? கை எட்டும் உயரம் முழுக்க இதய வடிவம், இனிஷியல், கட்சிப் பெயர். நாங்கள் இருந்தபோதே ஒரு கும்பல் ஜன்னல் திட்டில் ஏறி நின்று செல்ஃபி எடுத்தது. அண்ணன் போய்ப் பதமாகத்தான் பேசினார். "தம்பி, எறங்குப்பா. இது எங்க ஊருக் கோயில்." இறங்கிவிட்டார்கள்.

அண்ணன் இந்து. ஆனால் பீடம் இருந்த மணல்மேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதைப் பார்த்து அத்தையும் கழற்றினார். நின்றபடியே ஜெபமாலையில் பத்து மணி 'அருள் நிறைந்த மரியே' சொன்னார். கடைசி மணியில் குரல் உடைந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று பதில் சொன்னேன்.

அதன் பிறகுதான் ஊர் எழுந்து வந்தது. அண்ணன் கையை நீட்டி நீட்டிக் காட்டினார்: இது ஸ்டேஷன், அது தண்ணீர்த் தொட்டி, அங்கே தபால் ஆபீஸ், அந்தப் பக்கம் சுங்க அலுவலகம். சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் இங்கே வந்து கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து கொழும்புக்கு ரயில். 1914இல் தொடங்கிய வழி அது. அவ்வளவு ஜனம் புழங்கிய ஊரில் துறைமுகக் கூலியாட்கள், ரயில்வேக்காரர்கள், கப்பலுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் வந்து நின்ற கோயில் இது. தாத்தாவும் இந்த மணலில்தான் நின்றிருப்பார்.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலைப் பற்றி அண்ணன் அவருடைய அப்பா சொல்லக் கேட்டதைச் சொன்னார். பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் இல்லாமல் நின்றிருக்கிறது. டிரைவர் காத்துப் பார்த்துவிட்டு விசில் அடித்துக்கொண்டே மெதுவாக நகர்த்தியிருக்கிறார். 20 அடிக்கு மேல் எழுந்த அலை ரயிலை மொத்தமாக இழுத்துக்கொண்டது. உள்ளே இருந்த 100 பேருக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு அரசாங்கம் இது மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது. "அப்படிச் சொன்ன எடத்துலதான் நாங்க இருக்கோம்" என்றார் அண்ணன். ரயில்வே குடும்பத்துப் பெண்ணான அத்தை அந்த டிரைவரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குடிசைப் பக்கம் கூட்டிப்போய் ஒன்று காட்டினார், அது எந்த 'பாயிண்ட்' பட்டியலிலும் இருக்காது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மணலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி ஒரு அக்கா சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்தேன். துளி உப்பில்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்து நிற்குமாம். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால் அளவாகத்தான் தோண்டுகிறார்கள்.

இனி சாப்பாடு. அண்ணனின் சித்தி வைத்திருக்கும் கீற்றுக் கொட்டகையில் சாப்பிட்டோம். அளவுச் சாப்பாடும் குழம்பும் வறுவலும் சேர்த்து ஆளுக்கு 180. காலையில் வலையில் வந்த விளைமீன். புளி தூக்கலாக, தேங்காய் அரைக்காமல், மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. கூடவே நகரை வறுவல். முள்ளோடு மென்றுவிடலாம், அப்படி ஒரு மொறுமொறுப்பு. அத்தை பொதுவாக வெளியே சாப்பிடவே பயப்படுவார். இங்கே இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கினார். ராமேஸ்வரம் டவுனில் முந்தைய வேளை ஏசி ஓட்டலில் 220 கொடுத்துச் சாப்பிட்ட சாப்பாடு இதன் பக்கத்தில்கூட நிற்காது.

அரிச்சல்முனைக்கும் போய் வந்தோம். அசோகர் தூணைச் சுற்றி வண்டி நிறுத்த இடமில்லாத கூட்டம். கால் மணி நேரம் போதும். போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும். ரோமிங்கை முன்னாலேயே அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது அண்ணனுக்கும் டவுனில் வேலை இருந்ததால் கூடவே பஸ் ஏறினார். "கோயிலுக்குத்தான் மாடி இல்லாமப் போச்சு. ஒரு மாடி காட்டுறேன் வாங்க" என்று ராமர் பாதத்துக்குக் கூட்டிப்போனார். பெரிய கோயிலிலிருந்து 3 கிலோமீட்டர் இருக்கும். கந்தமாதன பர்வதம், பர்வதம் என்றாலும் மணல் குன்றுதான், ஆனால் தீவிலேயே உயரமான இடம். அண்ணனுக்குத் தெரிந்த ஆட்டோவில் போக வர, காத்திருப்பதையும் சேர்த்து 250 வாங்கினார்கள். காலையில் கேட்ட தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டடுக்கு மண்டபம். பாதத்தைக் கும்பிட்டுவிட்டு அத்தை என் தோளைப் பிடித்தபடி மேல்தளத்துக்கு ஏறிவிட்டார். காற்று ஆளைத் தள்ளுகிறது. தென்னையும் கருவேலமுமாகத் தீவு மொத்தமும் கீழே விரிகிறது. ராமநாதசாமி கோயில் கோபுரம், 323 மீட்டர் டிவி டவர், சுற்றிக் கடல். அண்ணன் தென்கிழக்கே காட்டினார். பச்சை முடிந்து நிலம் வெளுத்து மெலிந்து எங்கோ மறைகிறது. காலையில் நின்ற சுவர்கள் அந்தத் திசையில். இந்த உயரத்திலிருந்து பார்த்த பிறகுதான் எவ்வளவு ஒல்லியான மணல் நாக்கில் ஒரு ஊரையே கட்டியிருந்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. கோயிலை முதலில் பாருங்கள், மாடிக்குப் பிறகு வாருங்கள். மாற்றிச் செய்தால் இது கிடைக்காது.

செலவு: வழிகாட்டிக்கு 600, ஆட்டோவுக்கு 250, மதியச் சாப்பாடு இருவருக்கும் 360. பஸ் காசு சொற்பம். ரயிலடியில் கடைசியாகக் குறைத்துக் கேட்ட 1,500ஐவிடவும் குறைவுதான் இது.

சனி, ஞாயிறு வேண்டாம். காலை முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் சோதனைச் சாவடியில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்பிப் போகாதீர்கள். குடையைவிடத் தலையில் கட்ட ஒரு துண்டு உத்தமம். இந்தக் காற்றில் குடை திரும்பிக்கொள்ளும். அண்ணனுடைய நம்பரைப் பொதுவில் போட மாட்டேன். கோயிலுக்கு எதிரே இருக்கும் சங்குக் கடைகளில், சுற்றிக் காட்ட ஊர்க்காரர் யாராவது வேண்டும் என்று கேளுங்கள், கூட்டி விடுவார்கள். அவர்கள் 600 கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.