மாதம் 100 டாலர் காப்பீடு, கடைசியில் வந்த பில்

2023 கடைசியில் எனக்கு வேலை போனது. அமெரிக்காவில் டாலஸ் பக்கம் இர்விங்கில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கம்பெனி மருத்துவக் காப்பீடும் கூடவே போனதால், காப்பீடு வாங்குவதற்கான அரசுத் தளமான மார்க்கெட்பிளேஸில் ஒரு சில்வர் (நடுத்தர வகை) பிளான் எடுத்தோம். 2024-இல் எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்று விண்ணப்பம் கேட்டது. சில்லறை கான்ட்ராக்ட் ஏதாவது கிடைக்கும் என்று 60,000 டாலர் போட்டேன். பிரீமியம் மாதம் 1,250. அதில் 1,150-ஐ அரசே நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டிவிடும், எங்கள் பங்கு 100. "நிஜமாவே நூறுதானா?" என்று மனைவி இரண்டு முறை கேட்டாள்.

ஜூலையில் நல்ல கான்ட்ராக்ட் அமைந்தது. பழைய கம்பெனிப் பங்குகளிலும் கொஞ்சம் விற்றேன். வருமானம் மாறினால் 30 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸில் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான்; உண்மையில் அந்த நூறு டாலர் இனித்தது.

2025 தொடக்கத்தில் 1095-ஏ படிவம் வந்தது. மாதத்துக்கு ஒரு கிடைவரிசை, மூன்று நெடுவரிசை. மூன்றாவது நெடுவரிசையில் 1,150 என்று பன்னிரண்டு தடவை, அடியில் கூட்டுத்தொகை 13,800. அதுவரை அதை மானியம் என்றே நினைத்திருந்தேன். அது வரிச்சலுகையின் முன்பணம். வருஷக் கடைசியில் உண்மையான வருமானத்தை வைத்து 8962 படிவத்தில் கணக்குத் தீர்க்க வேண்டும்.

கணக்கு இப்படிப் போனது. நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த ஆண்டுக்கான வறுமைக்கோடு 30,000 டாலர். அதன் நான்கு மடங்கு, அதாவது 1,20,000-க்குக் கீழே இருப்பவர்கள் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தருவதற்கு அப்போது ஓர் உச்சவரம்பு இருந்தது. தாண்டினால் கிடையாது, முழுசாகத் தர வேண்டியிருந்தது. முதலில் என் வருமானம் 1,19,400 என்று வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் ஊர் வங்கியில் இருக்கும் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) டெபாசிட் ஞாபகம் வந்தது. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. 4,600 டாலர். ஆக மொத்தம் 1,24,000. அதில் 8.5 சதவீதம், 10,540 டாலர், பிரீமியத்தில் என் பங்காக இருந்திருக்க வேண்டும். நான் கட்டியது 1,200. திருப்பித் தர வேண்டியது 9,340.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள், இங்கே முப்பது வருஷமாக இருக்கும் ஊர்க்கார அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். "சொந்தமாத்தானே சம்பாதிக்கிற தம்பி? செப்-ஐஆர்ஏ ஒண்ணு திறந்து அஞ்சாயிரம் போடு. ஏப்ரல் 15 வரைக்கும் போன வருஷக் கணக்குல போடலாம்" என்றார். அந்த ஓய்வூதியக் கணக்கில் போடும் பணம் வருமானத்தில் கழிந்துவிடும். போட்டேன். வருமானம் 1,19,000 ஆனது. திருப்பித் தர வேண்டிய தொகை உச்சவரம்பான 3,150-இல் நின்றது. வரி மென்பொருளில் அந்த எண் மாறியதை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அதே திரையில் இன்னொரு எண்: வருஷத்துக்குள் வரியைக் குறைவாகக் கட்டியதற்கான அபராதம், கிட்டத்தட்ட 900 டாலர். கான்ட்ராக்ட் வருமானத்தில் யாரும் வரி பிடித்துக்கொள்வதில்லை. நாமே ஆண்டுக்கு நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். நான் செப்டம்பரில் ஒரே ஒரு தடவை 3,000 கட்டியிருந்தேன். அந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ, முந்தைய ஆண்டு வரி முழுவதுமோ (முந்தைய வருமானம் 1,50,000-க்கு மேல் என்றால் 110 சதவீதம்) கட்டியிருந்தால் அபராதம் வந்திருக்காது. எரிச்சலான விஷயம், திருப்பித் தரும் அந்த 3,150-ம் வரியோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. இந்த முன்பணத் திட்டம் தொடங்கிய 2014-க்கு மட்டும் அந்தப் பகுதிக்கான அபராதத்தை வரித்துறையான ஐஆர்எஸ் விட்டுக்கொடுத்தது.

அந்த அபராதத்தைக் கணக்கிடும் 2210 படிவத்தை ஒரு சனிக்கிழமை முழுக்கப் படித்தேன். வருமானம் வருஷம் முழுக்கச் சீராக வந்தது என்று எடுத்துக்கொண்டு, ஏப்ரல் தவணையிலிருந்தே ஆண்டுக்கு 8 சதவீதம் வரை வட்டி போட்டிருந்தது மென்பொருள். எனக்கோ பணம் ஜூலைக்கு மேல்தான் வந்தது. அந்தப் படிவத்தின் 'ஷெட்யூல் ஏஐ' என்ற அட்டவணையில் எந்தக் காலத்தில் எவ்வளவு வந்தது என்று பிரித்துக் காட்டலாம். வங்கிக் கணக்கையும் இன்வாய்ஸ்களையும் வைத்து நிரப்பினேன். அபராதம் 500-க்குக் கீழே இறங்கியது. மென்பொருள் தானாக இதைச் செய்யவில்லை, நாம்தான் தேட வேண்டும். கையில் முழுப் பணம் இல்லாவிட்டாலும் தாக்கலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: தாமதத் தாக்கலுக்கு மாதம் 5 சதவீதம், கட்டாமல் வைத்த வரிக்கு அரை சதவீதம்தான்.

இப்போது வருமானம் மாறிய அன்றே தளத்தில் திருத்துகிறேன். 2025 ஜூலையில் வந்த சட்டம், 2026 வரியாண்டிலிருந்து அந்த உச்சவரம்பை எல்லோருக்குமே எடுத்துவிட்டது. இனி அண்ணன் சொன்ன வழியில் வருமானம் குறையும், ஆனால் திருப்பித் தரும் தொகை 3,150 மாதிரி ஒரு வரம்பில் நிற்காது.