முனுசாமி, கே. என்பது யார்?

இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த அன்றுதான், ஆய்வு உலகில் நான் மூன்று ஆளாக இருப்பது தெரிந்தது. பினாங்கில் 12 வருடமாக அறிதல்சார் நரம்பியலில் வேலை செய்கிறேன். மொத்தம் 16 கட்டுரைகள். ஆனால் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கும் மேற்கோள் தரவுத்தளத்தில் தேடினால், ‘முனுசாமி, கே.’ என்று ஒரு பக்கம், ‘கவிதா, எம்.’ என்று இன்னொன்று, ‘ஏ.பி. முனுசாமி, கே.’ என்று மூன்றாவது.

அடையாள அட்டையில் நான் கவிதா ஏ/பி முனுசாமி. ஏ/பி என்றால் மலாயில் ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது மகள். மலேசியத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆய்விதழ்களின் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு ஏது அது? ஒரு முறை அப்பா பெயரைப் போட்டேன். ஒரு முறை என் பெயரை. இன்னொரு முறை உடன் எழுதியவர் அட்டையில் இருந்தபடியே அனுப்பிவிட, ‘மகள்’ என்ற சொல்லே எனக்கு முன்னெழுத்தாகிவிட்டது.

இதில் அடிபடுவது ஹெச்-இண்டெக்ஸ். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்ல, 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது. ஒவ்வொன்றும் குறைந்தது 7 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 7 இருந்தால், உங்கள் எண் 7. கட்டுரைகள் மூன்று பக்கமாகச் சிதறினால் மூன்று சின்ன எண்கள்தான் கிடைக்கும், அவற்றைக் கூட்டியும் பயனில்லை.

நூலகத்தில் ஓர் அக்கா உதவினார். “முதல்ல உன் கட்டுரை எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதும்மா, அப்புறம் கணினியைத் தொடலாம்” என்றார். அதுதான் சரியான வழி. அடுத்து ஓர்கிட் (ORCID) எண் எடுத்தோம், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண் அது. 2012 முதல் இருக்கிறது, இலவசம், 16 இலக்கம். பெயர் எப்படி அச்சானாலும் அந்த எண் மாறாது. பிறகு மூன்று பக்கங்களையும் இணைக்கச் சொல்லித் தரவுத்தளத்துக்குத் திருத்தக் கோரிக்கை போட்டோம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் என் மேற்கோள்கள் கூடுதலாகவே தெரிந்தன. ஆய்வேடு, அச்சுக்கு முந்தைய வரைவு எல்லாம் அங்கே சேரும். அதனால் இரண்டு எண்களையும் ஒரே படிவத்தில் கலக்காதீர்கள். எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

தாளோடு ஒப்பிட்டபோது இரண்டு கட்டுரைகள் அதிகமாக இருந்தன. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றியவை! எழுதியவர் தமிழ்நாட்டு வேதியியலாளர். அவருக்கு முனுசாமி சொந்தப் பெயர், ‘கே’ தந்தையின் முன்னெழுத்து. எனக்கு முனுசாமி அப்பா, ‘கே’ நான். இரண்டும் ரோமன் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. அந்த இரண்டுக்கும் நல்ல மேற்கோள்கள் இருந்தன. அவற்றோடு என் எண் 8, எடுத்தால் 7. எங்கள் புலத்தில் எதிர்பார்ப்பது 8.

அப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டு இரவு தூங்கவில்லை. அவரும் எங்கோ ஒரு படிவத்தின் முன் உட்கார்ந்து தன் கட்டுரைகளைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு விடவே இல்லை. மூன்றாம் நாள் காலை இரண்டையும் நீக்கச் சொல்லி எழுதினேன். அவருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டேன்.

7ஐ வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் என் ஆய்வைப் பற்றிய விளக்கப் பக்கம் எழுதுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. நான் பார்ப்பது என்400 (N400) என்ற மூளை மின் அலை. 1980இல் குட்டாஸ், ஹில்யார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டது. “அம்மா இட்லிக்குச் செருப்பு அரைத்தார்” என்று படித்தால், ‘செருப்பு’ கண்ணில் பட்டு ஏறக்குறைய 400 மில்லிவினாடியில் மூளை அலை எதிர்மறைப் பக்கம் சாயும். சட்னி என்றால் அந்தச் சாய்வு குறையும். இதைத் தமிழ் வாக்கியங்களில் பதிய ஒவ்வொருவர் தலையிலும் 32 மின்முனைகள், ஒவ்வொன்றுக்கும் கூழ். எண்ணெய் வைத்துக்கொண்டு வரும் பாட்டிமாரை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதிவு தெளிவாக வராது. ஒரு கட்டுரைக்கு இரண்டு வருடம் ஆனது இப்படித்தான். தமிழில் இந்த ஆய்வைச் செய்வோர் குறைவு, மேற்கோள் காட்டுவோரும் குறைவு. என் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பல, போகிற போக்கில் ஒரு வரி. இரண்டு குழுக்கள் மட்டும் என் வாக்கியப் பட்டியலையே எடுத்துப் பயன்படுத்தியிருந்தன. அந்த இரண்டையும் விளக்கத்தில் முதலில் வைத்தேன்.

நேர்காணலில் 7 பற்றி ஒரே ஒரு கேள்விதான். மற்ற நேரமெல்லாம் பட்டியலை யார், எதற்கு எடுத்தார்கள் என்றுதான் கேட்டார்கள். ஜூனில் கடிதம் வந்தது. வேதியியலாளரும் பதில் எழுதினார், அந்த இரண்டும் இப்போது அவர் பக்கத்தில் இருக்கின்றன.

போன வாரம் ஒரு முதுகலை மாணவன் சேர்ந்தான். முதல் கட்டுரைக்கு முன்பே ஓர்கிட் எடுத்துவிடு, இனி எல்லாக் கட்டுரைக்கும் ஒரே பெயர், அதை இன்றே முடிவு செய் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான்.