ஹேஸ்டிங்ஸுக்கு அப்புறம் நடந்தது

அக்டோபர் 14

1066-இல் இதே தேதியில்தான் ஹேஸ்டிங்ஸ் போர். காலை ஒன்பது மணிவாக்கில் தொடங்கி இருட்டும் வரை சண்டை, முடிந்தபோது இங்கிலாந்தின் ஹரால்ட் மன்னரும் அவருடைய தம்பிகள் இருவரும் செத்துக் கிடந்தார்கள். ஹரால்டை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. செப்டம்பர் 25 அன்று வடக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வே மன்னரையும், அவரோடு போய்ச் சேர்ந்துகொண்ட தன் உடன்பிறந்த தம்பி டாஸ்டிக்கையும் தோற்கடித்து மூச்சு விடுவதற்குள், 28ஆம் தேதி, பிரான்சின் வடக்கே உள்ள நார்மண்டியின் பிரபு வில்லியம் தெற்குக் கரையில் பெவன்சியில் வந்து இறங்கிவிட்டார். பெரும்பாலான புத்தகங்கள் இந்த ஒரு நாள் சண்டையோடு கதையை முடித்துவிடுகின்றன. நாடு உண்மையில் கைமாறியது அடுத்த இருபது ஆண்டுகளில். இந்த மாதம் அதைத்தான் படிக்கப்போகிறேன்.

அக்டோபர் 16

1066 கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வில்லியமுக்கு முடிசூட்டு. உள்ளே மக்கள் வாழ்த்தொலி எழுப்புகிறார்கள், வெளியே காவலுக்கு நின்ற நார்மன் வீரர்கள் அதைக் கலகம் என்று நினைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிடுகிறார்கள்! கூட்டம் தெறித்து ஓட, ஒரு சில பாதிரியார்களை வைத்துக்கொண்டு சடங்கை முடித்திருக்கிறார்கள். ஆள வந்தவர்களுக்கே எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 19

இன்று படித்தது மனதை ரொம்பப் பிசைந்துவிட்டது. 1069 ஜனவரியில், வடக்கை ஆள வில்லியம் அனுப்பிய ராபர்ட் டி கோமினை டர்ஹம் நகரில் அவருடைய படையோடு சேர்த்து வெட்டிப் போட்டார்கள். செப்டம்பரில் டேனியக் கப்பற்படை வந்தது, வடக்குப் பிரபுக்கள் அதோடு சேர்ந்து யார்க் நகரைப் பிடித்தார்கள். வில்லியம் டேனியர்களுக்குப் பணம் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டு, அந்தக் குளிர்காலத்தில் ஊர் ஊராகக் கொளுத்தினார். அறுத்து வைத்த தானியம், ஆடு மாடு, ஏர், கலப்பை எல்லாம் போயிற்று. வாளுக்குத் தப்பியவர்கள் பசியில் செத்தார்கள். தெற்கே வெகுதூரத்தில் இருந்த ஈவ்ஷம் மடம் வரைக்கும் அகதிகள் நடந்து போயிருக்கிறார்கள், அங்கே கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், அப்படியும் பலர் பிழைக்கவில்லை.

ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி, செத்தவர்கள் 1,00,000 பேருக்கு மேல் என்று பின்னாளில் எழுதினார். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அவர் பிறந்ததே 1075-இல். ஆனால் அவர் நார்மன் மடத்தில் வாழ்ந்தவர், தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஆங்கிலேயர். வில்லியமைப் பல இடங்களில் புகழும் அதே மனிதர், குற்றம் செய்தவனையும் செய்யாதவனையும் ஒன்றாகப் பட்டினி போட்டுக் கொன்றதை என்னால் புகழ முடியாது என்கிறார். எண்ணிக்கையை விட இந்த வரியைத்தான் நான் நம்புகிறேன்.

அக்டோபர் 23

டூம்ஸ்டே பதிவேடு, வில்லியம் எடுக்கச் சொன்ன நிலக்கணக்கு. 1085 கிறிஸ்துமஸுக்கு குளோஸ்டரில் உத்தரவு, 1086-இல் கணக்கெடுப்பு, 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள். ஹரால்டுக்கு முன் ஆண்ட எட்வர்ட் மன்னர் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம், மதிப்பு என்ன, எத்தனை ஏர், எத்தனை மில் என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாடு, ஒரு பன்றி கூட விடுபடவில்லை, சொல்லவே வெட்கம் என்று அந்தக் காலத்து ஆங்கிலக் குறிப்பு புலம்புகிறது.

யார்க்‌ஷயர் பக்கங்களில் ஊருக்கு ஊர் 'பாழ்' என்றே வருகிறது. அதெல்லாம் தீ வைத்ததால்தானா, வரி வராத நிலத்தையும் அப்படிக் குறித்தார்களா என்று வரலாற்றாசிரியர்களுக்குள் வாதம் இருக்கிறது. இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் நிலம் யார் கைக்குப் போனது என்பதில் வாதமே கிடையாது. வடக்கே ஓடும் டீஸ் ஆற்றுக்குத் தெற்கே பெரிய நிலக்கிழார்களாக மிஞ்சிய ஆங்கிலேயர் இரண்டே பேர், ஆர்டனின் தர்கில், லிங்கனின் கோல்ஸ்வெயின்.

என்னைத் தூங்கவிடாதது பக்கிங்ஹம்‌ஷயர் மார்ஷ் கிப்பன் ஊர்ப் பதிவு. ஐல்ரிக் என்பவர் எட்வர்ட் காலத்தில் சொந்தமாக வைத்திருந்த அதே நிலத்தை, இப்போது வில்லியம் ஃபிட்ஸ்-ஆன்ஸ்கல்ஃப் என்ற நார்மனிடம் குத்தகைக்கு எடுத்து உழுகிறார். "பெரும் பாரத்தோடும் துயரத்தோடும்" என்று எழுதி வைத்திருக்கிறார் எழுத்தர். வரிக்கணக்கு ஏட்டில் அதை எழுதவேண்டிய அவசியமே இல்லை. யாரோ ஒருவருக்கு மனசு கேட்கவில்லை.

அக்டோபர் 27

மர்ட்ரம் அபராதம் பற்றி இன்று. ஒருவர் கொலையாகிக் கிடந்து, கொலையாளி பிடிபடாமல், செத்தவர் ஆங்கிலேயர்தான் என்று ஊரார் நிரூபிக்கவும் முடியாவிட்டால், செத்தவர் நார்மன் என்றே வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க அபராதம் கட்டவேண்டும். பதினைந்து இருபது லட்சம் பேருக்கு நடுவே சில ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்தால் வேறு எப்படிச் சட்டம் போடுவார்கள்?

1170-களின் கடைசியில் அரசுக் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்-நைஜல், கொண்டு கொடுத்து இரு தரப்பும் கலந்துவிட்டதால் சுதந்திரக் குடிகளில் யார் ஆங்கிலேயர் யார் நார்மன் என்று சொல்லவே முடியவில்லை என்று எழுதுகிறார். அப்படியும் அபராதத்தை எடுக்கவில்லை, அது கருவூலத்துக்கு வருமானம். பண்ணையடிமையாக இருந்தவர் செத்தால் மட்டும், அவர் ஆங்கிலேயர் என்று தெளிவாகத் தெரிவதால், அபராதம் கிடையாது. 1340-இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில்தான் இந்தச் சட்டம் ஒழிந்தது.