பெயர் ஒன்றாக இருந்தால் சின்னமும் ஒன்றா?

ஸ்மித் என்ற குடும்பப் பெயருக்கென்று ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது கேடயத்தில் வரைந்த பரம்பரைச் சின்னம், கிடையாது. ஜோன்ஸுக்கும் கிடையாது, டெய்லருக்கும் கிடையாது. இங்கிலாந்தில் அந்தக் கேடயச் சின்னம் அரசரின் அதிகாரத்தால் ஒரு தனி மனிதருக்குத் தரப்படுவது. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கு ஆண் வழியில் இறங்கும். அதே குடும்பப் பெயர் உள்ள அடுத்த தெருக்காரருக்கு அதில் ஒரு பாத்தியதையும் இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா, மகன் கல்யாணத்துக்காக வெள்ளித் தட்டு ஒன்றில் குடும்பச் சின்னத்தைப் பொறிக்கக் கொடுக்க இருந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கடற்கரை ஊர் ஒன்றில், நினைவுப் பொருள் விற்கும் கடையில் பெயரைச் சொன்னதும் கணினியில் தேடி அச்சடித்துக் கொடுத்தார்களாம். அதே பெயருள்ள யாரோ ஒருவருக்கு எப்போதோ அது உரியதாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் இந்தக் குடும்பத்தின் முன்னோர் என்பதற்கு என்ன சான்று? யாருடைய பாட்டனையோ இவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. என் பாஸ்போர்ட்டில் சர்நேமாக இருப்பது அப்பாவின் பெயர். பெயர் வேறு, வம்சம் வேறு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் அலுவலகம் லண்டனில் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்குப் பக்கம். மதியம் நடக்கப் போகும்போது காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் கட்டடத்தைத் தாண்டித்தான் போவேன். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் ஏற்படுத்திய அமைப்பு. சின்னங்களை வழங்குவதும் பதிவேடுகளைக் காப்பதும் இன்றும் இவர்கள் வேலை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஃப்ரைடே தெரு. அந்தத் தெருவுக்கு ஒரு கதை உண்டு.

1385இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பின்போது ஸ்க்ரோப், க்ரோவ்னர் என்ற இரண்டு வீரர்கள் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: நீலக் கேடயத்தில் சாய்வாக ஒரு தங்கப் பட்டை. அது யாருடையது என்று வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 1386இல் சாட்சி சொன்னவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர். ஃப்ரைடே தெருவில் ஒரு விடுதி வாசலில் அந்தச் சின்னம் தொங்கியதைப் பார்த்து, ஸ்க்ரோப் குடும்பத்தார் தங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். விசாரித்தபோதுதான் க்ரோவ்னர் என்ற பெயரையே முதன்முதலாகக் கேள்விப்பட்டாராம்! கடைசியில் ஸ்க்ரோப் ஜெயித்தார். ஒரு பட்டைக்காக அவ்வளவு போராடியிருக்கிறார்கள். அதே மாதிரிச் சின்னங்களைத்தான் இன்று கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அச்சடித்துப் பெயர் வாரியாக விற்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் கண்டிப்பு இன்னும் அதிகம். 1672ஆம் வருடச் சட்டப்படி சின்னங்களெல்லாம் அங்கே அவற்றுக்குப் பொறுப்பான அதிகாரி லார்ட் லயனின் பதிவேட்டில் ஏற வேண்டும். உரிமையில்லாமல் பயன்படுத்துவது குற்றம். கிளான் எனப்படும் குலத்தின் ஆட்கள், தலைவரின் க்ரெஸ்ட்டை (கேடயத்துக்கு மேலே தலைக்கவசத்தின் மீது வரும் உருவத்தை) வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்து அணியலாம், அவ்வளவுதான். போலந்து மட்டும் வேறு மாதிரி. அங்கே லெலிவா போன்ற ஒரே சின்னத்தைப் பல பெயர்கள் கொண்ட பல பிரபுக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. அங்கேயும் பெயரை வைத்துச் சின்னம் வரவில்லை.

சரி, இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றுக்கு நிஜமாகவே சின்னம் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. 1837 முதல் பிறப்பு இறப்புப் பதிவு. அதற்கு முன்னால் 1538 வரை தேவாலயப் பதிவேடுகள். ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போய், சின்னம் பெற்ற ஒருவரை ஆண் வழியில் தொட்டால் அது உங்களுடையது. பாதி வழியில் செருப்புத் தைத்தவரோ நெசவாளரோ கிடைத்தால், அவர்தான் உங்கள் ஆள். கடைக்காரர் தந்த பிரபுவைவிட அவரைத் தெரிந்துகொள்வது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்படியும் சின்னம் வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்கலாம், பல ஆயிரம் பவுண்டு ஆகும். இளவரசர் வில்லியமை மணந்த கேத்தரினின் அப்பா மைக்கேல் மிடில்டன் 2011இல், கல்யாணத்துக்குச் சற்று முன்பு, அப்படித்தான் வாங்கினார். அதில் இருக்கும் மூன்று ஓக் கொட்டைகள் அவருடைய மூன்று பிள்ளைகளைக் குறிப்பவை. வேறொரு மிடில்டன் வீட்டுச் சுவரில் அவற்றுக்கு என்ன வேலை?